கவிழ்த்தாலும் சிந்தாத பாட்டரி

காலைச் சற்று நகர்த்தி வையுங்கள். அது அரிசிச் சாக்கு அல்ல, கார் பாட்டரி. இல்லையில்லை, பயந்து எழுந்துவிடாதீர்கள். இந்தப் பேருந்தில் வேறு இருக்கையும் இல்லை. உங்கள் சேலைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு நான் பொறுப்பு.

ஏறும்போது அந்த நடத்துநர் போட்ட கூச்சலைக் கேட்டீர்கள் அல்லவா? "யம்மா, பாட்டரியெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாது. ஆசிட் சிந்திச்சுன்னா எவன் பதில் சொல்லுதது?" என்றான். நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். "தம்பி, இது ஏ.ஜி.எம். என்ற வகை. இதற்குள் அமிலம் குளம்போலத் தளும்பிக்கொண்டிருக்காது; கண்ணாடி நூலால் ஆன விரிப்பில் ஊறிக் கிடக்கும். கவிழ்த்தாலும் சிந்தாது." அவன் நம்பவில்லை. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியுமாம்! ஈயத் தகடும் அமிலமும் சேர்ந்தால் என்னென்ன நடக்கும் என்று ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் வாங்கினேன் என்றேன். அதற்கு அவன், "அப்பம் டாக்டரு காருல போக வேண்டியதுதானே?" என்றான். பேருந்தே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். போகட்டும். லக்கேஜுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் கொடுத்திருக்கிறான். இனி வாயைத் திறக்க மாட்டான்.

என் கைப்பையில் என்ன பார்க்கிறீர்கள்? அது ஸ்பானர். பத்தாம் நம்பர். பாட்டரியின் முனையைக் கழற்றவும் மாட்டவும் அதுதான் வேண்டும். சில மாதமாகப் பையிலேயே கிடக்கிறது, பழகிவிட்டது.

நானும் தூத்துக்குடிக்குத்தான். அங்கே என் மருமகன் பாட்டரிக் கடை வைத்திருக்கிறான். கேட்காமலே இதை எனக்கு அனுப்பி வைத்தான். இதைக் கொண்டுபோய் அவன் மேசைமேல் வைத்து, "இந்தாருங்கள் உங்கள் சரக்கு" என்று சொல்லப் போகிறேன். அதற்காகத்தான் இந்தப் பயணம். மகளா? இருக்கிறாள். சுகிர்தா. ஒரே மகள். கடை கீழே, வீடு மாடியில். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கல்நெஞ்சக்காரி என்று நீங்கள் நினைப்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. காரணத்தைக் கேட்டுவிட்டு நினையுங்கள். காரணம் பாட்டரி.

உங்களிடம் கார் உண்டா? இல்லையா? நல்லது. அப்படியானால் மூடத்தனம் எதுவும் இன்னும் உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது வருகிற கார்களில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துகொள்ளும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக உயிர் பெறும். எரிபொருள் மிச்சம். ஆனால் ஒரு சாலையைக் கடப்பதற்குள் எத்தனை முறை அணைந்து எத்தனை முறை எழ வேண்டும்? சாதாரண பாட்டரி அதைத் தாங்காது. அதற்கென்று செய்த பாட்டரிதான் வேண்டும். அதன் அளவு, அதன் திறன், நேர்முனை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அடியில் இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு உண்டா, எல்லாம் காரோடு வருகிற புத்தகத்தில் தெளிவாக அச்சடித்திருக்கிறது. சில கார்களில் பாட்டரியை மாற்றினால் கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும். என்னுடையதில் அது தேவையில்லை. அதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் படிப்பது ஒன்றுதான் இந்த ஊரில் எவராலும் முடியாத காரியம்.

என் வீட்டுக்காரரால் முடியவில்லை. ஜெபமணி என்று பெயர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரோடு வந்த பாட்டரி ஆயுள் முடிந்து அடங்கியபோது நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, கோயில் பக்கத்துக் கடையில் ஒன்றை வாங்கி மாட்டி வைத்திருந்தார். "அதே சைஸு, ஹெப்சி! அச்சுல வார்த்த மாதிரி உக்காந்திருச்சு" என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். அளவு சரி. நிறம்கூடச் சரி. உள்ளே இருப்பதுதான் வேறு. மாப்பிள்ளையை உயரம் மட்டும் அளந்து தேர்ந்தெடுப்பதைப் போன்ற வேலை. சொன்னேன். "மாத்திருவமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் சொல்லித் திருந்துகிற மனிதர் அல்லர் அவர். தவறு தானாக நிரூபணமாகட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் சில மாதத்தில் நடுத்தெருவில் நிற்கும் என்று அன்றைக்கே சொன்னேன். நின்றது. நான் சொல்லி நடக்காதது எதுவும் இல்லை.

எப்போது நின்றது தெரியுமா? சுகிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தாய் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். வந்தால் அது அவளுக்கு மரியாதையும் இல்லை. பின் இருக்கையில் வளையல், பட்டுச் சேலை, பூ, ஏழு வகைச் சாதம். புளியோதரைத் தூக்குவாளியை மட்டும் சாய்ந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்தார். சமாதானபுரம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இன்ஜின் அணைந்தது. பச்சை விழுந்தது. காலை எடுத்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

பின்னால் ஒரே ஹாரன். ஓர் ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "யக்கா, வண்டி தூங்கிட்டா? தாலாட்டு நிறுத்துனா எந்திரிச்சிரும்" என்றான். இறங்கி ஓரமாகத் தள்ளியும் விட்டான். இவர் மெதுவாக, "ஒரு டாக்சி பிடிச்சிருவமா, ஹெப்சி?" என்றார். என் மகள், தலைப்பிரசவம், வாடகைக் கார்! அந்த வீட்டார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வண்டியில் மஞ்சள் நம்பர் பலகை என்று கண்டால் என்ன நினைப்பார்கள்? கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாயைத் திறந்தார். "ரெக்ஸனுக்கு ஒரு போன் போட்டா, உடனே ஒண்ணைக் கொண்டாந்து மாட்டிருவான்."

ரெக்ஸன் என்பது அந்த மருமகன். பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் வைத்த பெயர். யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கூப்பிடப் போகிற தாய் நடுரோட்டில் வளையலோடு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பெண்ணைக் கட்டியவன் ஸ்பானரோடு வந்து, "தள்ளுங்க அத்தை" என்று அவள் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து திரும்பிவிட்டேன். சாதத்தை ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கொடுத்தாயிற்று. புளியோதரை நன்றாக இருந்ததாக அந்த ஆட்டோக்காரன் சொல்லி அனுப்பினான். அதைக் கேட்டுப் பூரிக்க வேண்டும் போலிருக்கிறது.

சுகிக்கு என்ன சொன்னேனா? "இன்று வர முடியவில்லை" என்று சொல்லி போனை வைத்தேன். காரணத்தை விளக்கிக்கொண்டிருப்பது என் வழக்கம் அல்ல. முதுகலைப் பட்டம் பெற்ற பெண். தாய் வரவில்லை என்றால் தக்க காரணம் இருக்கும் என்று தானாக அறிய வேண்டாமா? "சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவளாக என்னை அழைப்பது குறைந்துபோயிற்று. யாரோ அவள் மனதைக் கெடுத்திருக்கிறார்கள்.

யாரென்று உங்களுக்கே தெரியுமே. அவன் என் வீட்டுக்குள் வந்த விதத்தைக் கேளுங்கள். பெண் பார்க்கவா வந்தான்? இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தான். அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கடையில் வேலை. அஞ்சல் வழியில் பி.காம். நான் சும்மா இருந்திருக்கலாம். அவன் தகட்டைப் பார்த்து, "வெள்ளை பூத்திருக்கு மேடம்" என்றதும், அந்த வெள்ளை எது, ஏன் பூக்கிறது, பாட்டரியைப் பயன்படுத்தாமல் வீணே போட்டு வைத்தால் அது எப்படிக் கல்லாக இறுகுகிறது, இறுகியபின் ஏன் எதையும் உள்ளே வாங்காது, என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆடாமல் அசையாமல் கேட்டான். முப்பது ஆண்டு கற்பித்ததில் இப்படி ஒரு மாணவன் வாய்த்ததில்லையே என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என் தோளுக்குப் பின்னால் சுகி டீயோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த இன்வெர்ட்டருக்கு வந்த தாகம் இருக்கிறதே, அவ்வளவு தண்ணீர் எந்த இன்வெர்ட்டரும் குடித்ததில்லை.

கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "எங்க அத்தை பாட்டரிக்கே டாக்டரு" என்று சிரித்தான். என்ன இளக்காரம்! இப்போது கடையில் என் பட்டமளிப்பு விழாப் படத்தைப் பெரிதாக்கி, கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறானாம். கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய சான்றிதழுமாக நான் நிற்க, கீழே பாட்டரிகள் வரிசை! சரக்கு வாங்க வருகிற லாரிக்காரர்களிடம், "இவங்கதான் நம்ம அத்தை" என்கிறானாம். வியாபாரத்துக்கு என் முகம் விளம்பரம். அவன் தாயார் அந்தப் படத்துக்குத் தினமும் தூசி தட்டுகிறார் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்கிறார். கடையில் எதற்குத்தான் தூசி தட்ட மாட்டார்கள்?

சரி, பாட்டரிக்கு வருகிறேன். மறுநாளே நானே தேடக் கிளம்பினேன். முதல் கடைக்காரன், "கொஞ்சம் பெரிசாப் போட்டுருவம் மேடம், யானை மாதிரி இழுக்கும்" என்றான். நேர்முனை வலப்பக்கம் இருக்க வேண்டியது அவன் காட்டியதில் இடப்பக்கம். கம்பி எட்டாது என்றேன். "இழுத்துப் பிடிச்சு மாட்டிருவம்" என்றான். வண்டி எரிந்தால் அதையும் இழுத்துப் பிடித்து அணைப்பான் போலும். இன்னொருவன் பேரறிஞன். "அந்த நிறுத்தி எழுப்புற சமாச்சாரத்தையே கட் பண்ணி விட்டுருதேன். அப்புறம் எந்தப் பாட்டரியும் ஓடும்" என்றான். ஆளுக்கு ஏற்ற சட்டை தைக்கத் தெரியாத தையல்காரன் ஆளின் கையை முடக்கச் சொல்கிற கதை. மூன்றாமவன் மதுரையிலிருந்து வரவழைப்பதாகச் சொல்லி வாரக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் வரவழைத்ததும் சாதாரண பாட்டரி. மேலே ஒட்டியிருந்த வண்ணத் தாள் மட்டும் புதிது. "ஒரே கம்பெனிதானே மேடம்" என்றான். அவனைத் தேர்வு அறையிலிருந்து வெளியேற்றுவதுபோல வெளியேற்றிவிட்டு வந்தேன். அது அவனுடைய கடை என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்படியே எட்டாம் மாதம் போயிற்று. ஒன்பதாம் மாதமும் போயிற்று. சரியான பாட்டரி கிடைக்காமல் நான் எப்படிப் போய்க் கூப்பிட முடியும்? "ரெக்ஸன் கடையில இதே ரகம் வரிசையா அடுக்கியிருக்கு, ஹெப்சி" என்று இவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அடுக்கியிருக்கட்டும். மண்டபம் கட்டி அதில் அடுக்கட்டும். எனக்கென்ன?

குழந்தை அங்கேயே பிறந்தது. தாய்வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே என் மகள் மாமியார் வீட்டில் பெற்றாள். மூன்று கடைக்காரர்களும் ஒரு ஜெபமணியும் சேர்ந்து செய்த காரியம் இது.

இவர் மறுநாளே பேருந்து ஏறிப் பார்க்கப் போனார். பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே? மறுபடி போனார். இப்போது போய் இரண்டு வாரம். வருகிற வழியைக் காணோம். கேட்டால் அங்கே மீன் நன்றாக இருக்கிறதாம். பாளையங்கோட்டையில் மீனே கிடைக்காதது போல! போனில் குழந்தையின் படம் அனுப்புகிறார். வீடியோகூட ஒன்று வந்தது. நான் அதிகம் பார்க்கவில்லை. இருட்டில் எடுத்திருக்கிறார், கை வேறு நடுங்குகிறது. கொட்டாவி விடும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. கொட்டாவி முடியும் இடத்தில் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோகிறாள். அதற்குள் படம் முடிந்துவிடுகிறது. வாய்க்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரிவதில்லை. படம் எடுக்கத் தெரியாதவர் கையில் போன் எதற்கு?

அவர் அங்கே சும்மா இருந்திருக்க மாட்டார். சமாதானபுரம் சிக்னல், வளையல், புளியோதரை எல்லாவற்றையும் உளறிக் கொட்டியிருக்கிறார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? சென்ற வாரம் அந்த ரெக்ஸன் போன் செய்தான். வழக்கமாக வளவளவென்று பேசுகிறவன், அன்று இரண்டே வாக்கியம். "அத்தை, பஸ்ஸுல ஒரு பாட்டரி போட்டுவிட்டிருக்கேன், ஸ்டாண்டுல வாங்கிக்கிடுங்க. மாட்டிட்டு வாங்க, சுகி பாத்துக்கிட்டே இருக்கா." பின்னால் ஓர் அழுகைச் சத்தம். குழந்தையுடையதா, சுகியுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. வைத்துவிட்டான். எனக்கு உத்தரவு போடுகிறான், பார்த்தீர்களா!

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பிரித்தேன், மறைப்பானேன். ரகம் சரி. திறன் சரி. நேர்முனை வலப்பக்கம். அடியில் விளிம்பு இருக்கிறது. செய்த மாதம் பார்த்தேன், புத்தம் புதிது. தூக்குவதற்கு வசதியாகக் கைப்பிடிக் கயிற்றில் துணி சுற்றியிருந்தான். என் விரல் வலிக்குமாம்! கடைச் சரக்கில் ஒரு பிழையாவது இருக்க வேண்டாமா? அன்றிலிருந்து முன்னறையில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது. தாண்டித் தாண்டி நடந்தேன். இன்று காலை முடிவெடுத்தேன். திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நான் யாரிடமும் எதையும் இரவலாகவோ இனாமாகவோ வாங்கியவள் அல்லள்.

வல்லநாடு தாண்டிவிட்டதா? நல்ல வேகம்தான்.

என்ன கேட்டீர்கள்? கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவேனா என்றா? நன்றாகக் கேட்டீர்கள்! பிள்ளையை விட்டுவிட்டா? கேளுங்கள், அவள் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். தொட்டில் கட்டியாயிற்று. என் பழைய பருத்திச் சேலைகள் எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். பிரசவ மருந்து கிண்டி ஆறவைத்துச் சீசாவில் அடைத்தாயிற்று. பூண்டு மட்டும் நேற்று மாலை வரை உரித்தேன். விரல் முழுக்க இன்னும் நாற்றம் போகவில்லை. பிரசவத்துக்குத்தான் கூப்பிடவில்லை, பிள்ளையோடாவது தாய்வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? இந்தப் பாட்டரியை அவன் மேசைமேல் வைப்பேன். மாடிக்குப் போவேன். "கிளம்பு" என்பேன். இன்றைக்கே மகளையும் பேத்தியையும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். முடிந்தது காரியம்.

எதிலா?

எதில் என்றால்... எதில் கூட்டி வருவது என்றா கேட்கிறீர்கள்?

...

நீங்கள் என்ன, ஏறியதிலிருந்து ஊமைபோல உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது கேட்கிறீர்கள்? இந்தக் கூட்டத்திலா? இந்தப் புகையிலா? படிக்கட்டில் தொங்குகிறவன் தும்முகிறானே, இவனுக்குப் பக்கத்திலா என் பேத்தியை வைத்திருப்பேன்? வாடகைக் காரா? அன்றைக்கே வேண்டாம் என்றவள் இன்றைக்கு ஏற்றுவேனா? உங்கள் கேள்வி பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி. வகுப்பில் நன்றாகத் தூங்கிவிட்டு மணியடிக்கும்போது கையைத் தூக்குகிற மாணவிகளை எனக்குத் தெரியும். நீங்கள் அந்த இனம்.

நடத்துநரே! நிறுத்தச் சொல்லும். ஆமாம், இங்கேதான். "யம்மா, தூத்துக்குடிக்குல்லா டிக்கெட் எடுத்திய?" என்று எனக்கு நினைவுபடுத்த வேண்டாம், எனக்கு மறதி இல்லை. வாகைக்குளமா? வாகைக்குளத்திலேயே நிறுத்தும். எதிர்ப்பக்கம் பாளையங்கோட்டைக்குப் பேருந்து எப்போது? சொல்லும், சிரிக்காமல் சொல்லும். ஆமாம், கார் எடுக்கத்தான் போகிறேன். டாக்டர் காரில்தான் போவாள். போதுமா?

சற்று இருங்கள், ஒரு போன். ஹலோ... நான்தான். மீன் சாப்பிட்டது போதும், எழுந்து உட்காருங்கள். மாலைக்குள் காரில் வருகிறேன். இல்லை, எந்த மெக்கானிக்கும் வேண்டாம், ஸ்பானர் என்னிடம் இருக்கிறது. சுகியிடம் சொல்லுங்கள்... இருக்கிறாளா பக்கத்தில்? வேண்டாம், போனை அவளிடம் கொடுக்க வேண்டாம். கூப்பிட வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். துணிமணி எடுத்து வைக்கட்டும். எதற்கு அவள் அழுகிறாள்? நான் வராவிட்டாலும் அழுகை, வந்தாலும் அழுகை. அந்தக் கட்டைவிரல் வாய்க்குப் போகிறதா இல்லையா? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ம்... போகிறதா. சரி. அந்தப் பையனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்டு அவனே இறங்கி வருவான்.

என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்? எழுந்திருங்கள். சாக்குக்கு வெளியே நீட்டியிருக்கும் அந்தக் கைப்பிடிக் கயிற்றைப் பிடியுங்கள். துணி சுற்றியிருக்கிறது, விரல் வலிக்காது. மெதுவாக, மெதுவாக... அட, சாய்ந்தால் சாயட்டும். கவிழ்த்தாலும் சிந்தாது என்று சொன்னேனே, எத்தனை முறை சொல்வது? படி பார்த்து. தூக்குங்கள்.